குடும்பத்தில் யாருக்காவது இருக்கா?

(நாவலூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் டாக்டர் இல்லை. பேங்க்கில் கிளார்க். கவிதை எழுதுகிறவன். பிள்ளைகளுக்கு வருகிற ஆஸ்துமாவைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஏழு வயசு வரைக்கும் அம்மா மடியில் உட்கார்ந்தபடியே தூங்கினவன் என்பதுதான் என் தகுதி. இழுப்பு இருக்கிற பிள்ளையைப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். உட்கார வைத்துக்கொண்டுதான் விடியணும். பிள்ளையோடு சேர்ந்து அம்மாவும் விடியணும். அப்படி விடிந்த அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயும் நாலைந்து பேர் இருப்பீர்கள்.

போன மழைக்காலத்தில் என் அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். புகை மாஸ்க் வைத்தார்கள். பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கா? அக்கா என்னைப் பார்த்தாள். நான் "மாமனுக்கு, அதாவது எனக்கு இருந்தது" என்றேன். "தாத்தாவுக்கும் இழுப்பு" என்றாள் அக்கா. டாக்டர் தலையை ஆட்டினார். "அப்ப வம்சத்துலயே இருக்கு. ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கத்தான் வேணும்" என்று எழுதி முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எனக்கு அந்த "தாத்தாவுக்கும்" என்கிற வார்த்தை உறுத்திக்கொண்டே வந்தது. எங்கப்பா திரிசூலம் பக்கத்தில் கல் உடைத்தவர். மலையைப் பிளந்து ஜல்லியாக்கிச் சென்னைக்கு அனுப்பின கைகளில் அவர் கையும் ஒன்று. ராத்திரி வீட்டுக்கு வந்தால் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். கடைசிப் பத்து வருஷம் அவர் இருமினார், இழுத்தார், போய்ச் சேர்ந்தார். அவருக்கு இருந்தது ஆஸ்துமாவா, அல்லது கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிப் போகிற சிலிக்கோசிஸா என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. எங்க வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான்: இழுப்பு.

இப்போ பாருங்கள், என்ன நடந்திருக்கிறது என்று. குவாரியில் ஒரு மனிதன் சுவாசித்த தூசி, அவன் பேத்தியின் படிவத்தில் "பரம்பரை" என்று பதிவாகிவிட்டது. வேலை கொடுத்தவன் அந்தக் காகிதத்தில் இல்லை. கல்குவாரி இல்லை. ரத்தம் மட்டும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலை ஒரு கூட்டத்தின் தலையில் கட்டிவைப்பதற்கு இந்த நாட்டில் பேர் சாதி. அந்தத் தொழில் தரும் நோயும் தலைமுறை தலைமுறையாகத்தானே வரும்? அதைப் பார்த்து "வம்சம்" என்று எழுதினால் அது மருத்துவமா, சாதியா?

முகவரிக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

இதே விசாரணை ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே வீட்டில் நடந்துவிடுகிறது. "எங்க பக்கத்துல யாருக்கும் இல்ல, உங்க பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கு." என் அக்காவிடம் அவள் மாமியார் சொன்னது. நம் வீடுகளில் நோய்க்கு மூலம் எப்போதும் மருமகள்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிள்ளையைத் தாங்குகிறவளும் அவள், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளும் அவள். பிறப்பைக் காட்டிக் குற்றம் சொல்கிற பழக்கம் மேல்சாதிக்காரனிடம் மட்டும் இல்லை தோழர்களே, நம் அடுப்பங்கரையிலும் இருக்கிறது.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? கோபத்தில் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குள் காற்று போகிற குழாய்களின் நோய். அந்தக் குழாய்களின் உட்சுவர் ஓயாமல் அழற்சியோடு வீங்கியிருக்கும். புகையோ தூசியோ சளிக்காய்ச்சல் கிருமியோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடும், உள்ளே சளி கட்டும், வழி குறுகும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் விசிலடிக்கும். அதுதான் நாம் கேட்கிற இழுப்பு. அது தொற்று நோய் இல்லை.

மரபணுவுக்கு இதில் பங்கு உண்டா? உண்டு. நிச்சயமாக உண்டு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் இன்னொருவருக்கும் இருக்கும் வாய்ப்பு, சாதாரண இரட்டையரைவிட அதிகம். ஆனால் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத இரட்டையரும் ஏராளம். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் ஒருவனுக்கு மூச்சு முட்டுகிறது, மற்றவன் பந்து விளையாடுகிறான் என்றால், மரபணு மட்டும் தீர்ப்பு எழுதுவதில்லை என்று அர்த்தம்.

2007-இல் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. நம் 17-ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி, பிள்ளைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று கண்டார்கள். இன்றுவரை பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான இடம் அது. அடுத்த வருஷம், 2008-இல், பிரான்ஸில் ஆஸ்துமா குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைப் பார்த்தார்கள். அந்த மரபணு மாறுபாடு உள்ள பிள்ளைகளில், சின்ன வயசிலேயே வீட்டில் சிகரெட் புகையைச் சுவாசித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது. அதே மரபணு, புகை சேர்ந்தால் ஒரு பலன், சேராவிட்டால் வேறு பலன். இதுபோன்ற பகுதிகள் இன்னும் பல தெரியவந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கூட்டுவது கொஞ்சம்தான். இந்த ஆய்வுகளில் ரத்தம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆஸ்துமாவில் பாதிக்கு மேல் பரம்பரை" என்று மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். எட்டு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் ஓடவில்லை. எல்லாரும் படி ஏறுகிறார்கள். சிலர் ஏறிவிடுகிறார்கள், சிலர் நாலாவது மாடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் உட்கார்ந்தார்கள் என்று ஒருத்தர் கணக்கெடுக்கிறார். முழங்கால் வலி உள்ளவர்கள். ஆக, காரணம் நூற்றுக்கு நூறு முழங்கால் என்று அறிக்கை எழுதுகிறார். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் லிஃப்ட் எங்கே போனது? எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடவில்லை என்பதால் அது கணக்கிலேயே விழவில்லை. பரம்பரைப் பங்கு என்கிற எண், ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். கூட்டம் முழுவதையும் ஒரே புகையில் வைத்தது யார் என்பதற்கு அது பதில் சொல்லாது.

லிஃப்டை ஓட விட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவ விவசாய சமூகங்கள். இரண்டின் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து போனவர்கள், மரபணுவில் நெருங்கியவர்கள். அமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம். ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். 2016-இல் வெளியான ஆய்வில் இந்த எண்களை எடுத்துக்கொண்டு ஏன் என்று தேடினார்கள். அமிஷ் ஜனங்கள் குதிரை ஏர், வீட்டை ஒட்டின மாட்டுக்கொட்டில் என்று வாழ்கிறார்கள். ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கொட்டில் பக்கம் அதிகம் போவதில்லை. அமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்ப் பொருள் பல மடங்கு அதிகம். அது அந்தப் பிள்ளைகளின் எதிர்ப்பு சக்தியைச் சின்ன வயசிலேயே பழக்கிவிடுகிறது. ரத்தம் கிட்டத்தட்ட ஒன்று. ஆஸ்துமா நாலு மடங்கு வித்தியாசம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, "அழுக்குல வளர்ற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, சேரிப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி" என்று இதைத் திருப்பிப்போட ஆள் இருக்கிறார்கள். 1989-இல் இங்கிலாந்தில் ஸ்டிராக்கன் என்பவர் சொன்ன சுத்தக் கருதுகோளையும் இப்படித்தான் திரித்தார்கள். மாட்டுக்கொட்டிலின் நுண்ணுயிர் வேறு, குப்பைமேட்டுப் புகை வேறு. ஒன்று பழக்கும், இன்னொன்று எரிக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை நமக்கு. எல்லாமே புகைதான் என்று நாமும் ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. ஜெர்மனி 1990-இல் ஒன்றானபோது ஆராய்ச்சியாளர்கள் கந்தகப் புகை மண்டிய கிழக்கின் லைப்சிக் பிள்ளைகளையும், சுத்தமான மேற்கின் மூனிக் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். கிழக்கில் மூச்சுக்குழல் அழற்சி அதிகம். ஆனால் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மேற்கில்தான் அதிகம். ஆக, ஒரே ஒரு வில்லன் இல்லை. கர்ப்பத்தில் தாய் சுவாசித்த காற்று, பிறந்த எடை, கைக்குழந்தையில் வந்த வைரஸ் காய்ச்சல், வீட்டு ஈரம், சாலைப் புகை, மரபணு எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் மூச்சை முடிவு செய்கின்றன. இதில் மரபணுவை மாற்ற நம்மால் முடியாது. மற்றதெல்லாம் யாரோ எடுத்த முடிவுகள். முடிவு என்றால் அதை மாற்றவும் முடியும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்த நாவலூரிலிருந்து வடக்கே பாருங்கள். செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர். 2000-க்குப் பிறகு கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சென்னை பிடுங்கி எறிந்த ஜனங்களைக் கொண்டுவந்து கொட்டின இடங்கள். பெரும்பகுதி தலித்துகள், மீனவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள். கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதன் மேல் பெருங்குடி குப்பைமேடு. 2022-இல் ஒரு பக்கம் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்கிற சர்வதேச அங்கீகாரம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் குப்பைமேடு தீப்பிடித்து, அணைக்கப் பல நாள் ஆனது. ஊரே தின்று போட்ட மிச்சம் எரிந்த புகையை யார் சுவாசித்தார்கள்? ஜன்னலைச் சாத்தி ஏசி போட முடியாதவர்கள்.

2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் வெள்ளம். இரண்டிலும் நம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் காயாது. ஈரச் சுவரில் பூஞ்சணம். ஒரே அறைக்குள் சமையல், தூக்கம், படிப்பு. கரப்பான் பூச்சி. கரப்பான் என்ன செய்யும் என்று சிரிக்காதீர்கள். அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் 476 ஆஸ்துமாப் பிள்ளைகளை ஆராய்ந்து 1997-இல் ஒரு ஆய்வு வந்தது. கரப்பானுக்கு ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் கரப்பான் நிறைய இருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும். அவர்களுக்கும் "உங்க இனத்துக்கே அப்படி" என்றுதான் சொல்லப்பட்டு வந்தது.

நம்ம பக்கத்திலும் ஆய்வு இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்டது. காற்றில் நுண்துகள் கூடக் கூட, பிறக்கிற பிள்ளையின் எடை குறைகிறது. ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சராசரியாக 4 கிராம். நாலு கிராம்தானே என்று தோன்றும். ஒரு பிள்ளைக்கு அது சின்ன எண். ஒரு ஜனத்தொகைக்கு அது சின்ன எண் இல்லை. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைக்குப் பின்னால் இழுப்பு வரும் ஆபத்தும் கூடுதல். அந்த நுண்துகள் வருஷச் சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. இந்தியா 2009-இல் வைத்த அளவு 40. எட்டு மடங்கு. நம் பிள்ளைகளின் நுரையீரல் என்ன எட்டு மடங்கு தடிமனா?

தாம்பரத்துக்குப் போகிற வழியில் சானடோரியம் ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பேர் ஏன் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. கிருமியைக் கண்டுபிடித்து நாற்பத்தாறு வருஷம் ஆகியும் கிடையாது. நல்ல காற்று, வெளிச்சம், சாப்பாடு, ஓய்வு. இதுதான் வைத்தியம். 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றும் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக நிற்கிறது. இன்னொரு பக்கம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அதன் ஆஸ்பத்திரிக்கு வைத்திருக்கிற பேர் அயோத்திதாசப் பண்டிதர். 1907-இல் பத்திரிகை தொடங்கினவர் மட்டுமல்ல அவர், சித்த வைத்தியரும்கூட.

எதற்குச் சொல்கிறேன்? இடமே மருந்து என்று மருத்துவத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். இன்றைக்கும் காசு உள்ளவனிடம் டாக்டர் சொல்வார், "வீட்டை மாத்துங்க சார், பிள்ளையக் கொஞ்ச நாள் ஊர்ல வைங்க." அவனுக்கு முகவரி மாற்றம் மருந்துச்சீட்டில் வருகிறது. நமக்கு முகவரி மாற்றம் லாரியில் வருகிறது.

லண்டனில் ஒரு குழந்தையின் கதை. எல்லா அடூ கிஸி டெப்ரா. கறுப்பினச் சிறுமி. வாகனங்கள் ஓயாத சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்தில் வீடு. மூன்று வருஷத்தில் இருபத்தைந்து தடவைக்கு மேல் ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில், ஒன்பது வயசில் இறந்தாள். முதல் விசாரணை மூச்சுத் திணறல் என்று முடிந்தது. காற்று மாசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அம்மா ரோசமுண்ட், ஒரு ஆசிரியை, விடவில்லை. அந்தத் தீர்ப்பை 2019-இல் உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வைத்தார். 2020 டிசம்பர் 16-ஆம் தேதி இரண்டாவது விசாரணையின் முடிவு வந்தது: காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணத்தில் காற்று மாசு எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளைக்கு மரபணு இல்லையா? இருந்திருக்கும். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்க ஒரு அம்மாவுக்கு ஏழு வருஷம் ஆனது. நம் ஊரில் எத்தனை பிள்ளைகளின் காகிதத்தில் "மூச்சுத் திணறல்" என்றே முடிந்திருக்கிறது?

பிறப்பைக் காட்டுகிறவர்களுக்குப் பதில் நமக்குப் புதுசில்லை. 1936-இல் லாகூரில் பேசவிடாமல் செய்ததால் தன் செலவில் அச்சடித்த "சாதி ஒழிப்பு" உரையில், சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது, வம்சத்தை மேம்படுத்துகிறது என்ற வாதத்தை அம்பேத்கர் அறிவியலை வைத்தே உடைத்தார். அறிவியலைப் பார்த்து அவர் பயப்படவில்லை. நாமும் பயப்பட வேண்டாம். மரபணு நம் எதிரி இல்லை. மரபணுவின் பின்னால் ஒளிந்துகொள்கிறவன்தான் எதிரி.

இனி நம் பக்கம். நான் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். போகி முடிந்த வாரம், ஐப்பசி மழை வாரம், கம்மலைக் கழற்றிக் கொடுக்கிற கைகளை நான் பார்க்கிறேன். "எதுக்கும்மா" என்றால் "பிள்ளைக்கு வீசிங் சார்." ஒரு ராத்திரிப் புகை மாஸ்க்குக்கு அரைப் பவுன். தினமும் இழுக்கிற இன்ஹேலர் இருந்தால் அந்த ராத்திரிகளில் பலவும் வராமலே போகும். குழாய் வீக்கத்தை அடக்குகிற மருந்து, தசையைத் தளர்த்துகிற மருந்து இரண்டும் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் "பம்ப் பழகிடும்" என்று பயம். பொம்பளைப் பிள்ளை என்றால் "நாளைக்கு எவன் கட்டுவான்" என்று ஒளித்து வைக்கிறோம். பழகாது தோழர்களே. மாத்திரையில் போகிற அளவைவிட அதில் மருந்து குறைவு, போகிற இடம் நேராக நுரையீரல். ஐதராபாத்துக்கு வண்டி ஏறி மீன் விழுங்கப் போகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். என் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். ஆனால் திரும்பி வந்தும் எனக்கு இழுத்தது. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பீடி சிகரெட் பிடிக்கிற ஆண்கள், மூடின அறையில் கொசுவர்த்தி ஏற்றுகிறவர்கள், போகிக்கு டயர் கொளுத்துகிற தம்பிகள். இதற்கெல்லாம் அரசாங்கத்தைக் கை காட்ட முடியாது. இதை நாம் நாளைக்கே நிறுத்தலாம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இன்ஹேலரும், சின்னப் பிள்ளைகள் இழுப்பதற்கான ஸ்பேசர் குழாயும் எப்போதும் இருக்கணும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குள்ளேயே காற்று அளக்கிற கருவி வைக்கணும், அளவைத் தமிழில் வாசலில் எழுதிப் போடணும். ஈரச் சுவரைப் பழுது பார்ப்பதைச் சுகாதாரச் செலவாகக் கணக்கெடுக்கணும். குப்பை எரிக்கிற ஆலை, குப்பைமேடு எதுவானாலும் எந்த ஜனத்தின் பக்கத்தில் வைக்கிறோம் என்பதை அந்த ஜனத்தைக் கேட்டு முடிவு செய்யணும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இந்த லீவில் உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். ஒரு நோட்டு போதும். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்த மாசத்தில் ஜாஸ்தி, எந்தத் தளம், சுவர் ஈரமா, தாத்தா என்ன வேலை செய்தார், அப்பா என்ன வேலை செய்கிறார், எவ்வளவு செலவு, எதை அடகு வைத்தார்கள். எழுதுங்கள். இது ஆய்வாகுமா என்று கேட்காதீர்கள். ரோசமுண்ட் கையில் முதலில் இருந்ததும் தன் பிள்ளை எந்தெந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்கிற விவரம்தான்.

அக்கா மகள் இப்போது பரவாயில்லை. இன்ஹேலர் எடுக்கிறாள், ஸ்கூலில் கோ-கோ ஆடுகிறாள். போன வாரம் பரிசோதனைக்கு வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் அதே படிவம், அதே கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது இருக்கா? இந்தத் தடவை நான் பேனாவை வாங்கி எழுதினேன்: "தாத்தா, கல்குவாரித் தொழிலாளி, திரிசூலம்." கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன். அந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இப்ப வீடு எங்கம்மா, எந்தத் தளம், ஈரம் இருக்கா?" என்று கேட்டார். என் அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சொன்னாள்.